கை கொடுக்காத கூட்டம்

பெஞ்சுகளின் சாய்மானத்தில் விரல் பதியும் அளவுக்குத் தூசி இருந்தது. உட்காரும் பலகைகளில் மட்டும் துளியும் இல்லை.

புஷ்பலதா அதைக் கவனித்தபோது பிற்பகல் மூன்று பத்து. பர்மாவில், அலோன் பேட்டையின் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த அந்தக் குவேக்கர் கிறிஸ்தவர்களின் மண்டபத்தில் பீடம் இல்லை, சிலுவை இல்லை, பாட்டுப் புத்தகம்கூட இல்லை. எதிரெதிராகப் போட்ட தேக்குப் பெஞ்சுகள் மட்டும். அவளுடைய தாத்தா வீரப்பன் காலத்தில் ஞாயிறுதோறும் இங்கே எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். முடிவில் மூத்தவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுப்பார், அவர் அடுத்தவருக்கு. கடைசி ஆள்வரை கை போனால்தான் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

ஒரு ஞாயிறு, வீரப்பன் கையை நீட்டியபடியே உயிர்விட்டார். பக்கத்தில் இருந்த பன்னிரண்டு வயது மகன் அந்தக் கையைப் பிடிக்காமல் ஓடிப்போனான். அந்த மகன்தான் புஷ்பலதாவின் அப்பா சுரேந்திரன். இப்போது எண்பது வயது. மிங்கலாடோன் வீட்டில் பதினோரு நாளாகக் கஞ்சியும் இறங்காமல், உயிரும் போகாமல் கிடக்கிறார்.

"கூட்டம் முடியல புஷ்பா. எல்லாரும் இன்னும் ஒக்காந்திருக்காங்க. என் எடத்துல நீ போயி அந்தக் கைய வாங்கிக்க. தனியாப் போ. வாசல்ல விருந்தாளி நின்னாக்கூட விடமாட்டாங்க, கை குடுத்து நம்ம ஆளாக்கிருவாங்க."

அப்பா இப்படிச் சொன்னதை நோயாளியின் பிதற்றல் என்று எண்ணி, மகள் கலாவையும் அழைத்து வந்திருந்தாள். படம் பிடித்துக் காட்டினால் அப்பா நிம்மதியாகக் கண்மூடுவார்.

சாவி வைத்திருந்த பெரியவர் ஊ சின்னத்தம்பி வாசற்படி தாண்டவில்லை. "உள்ள தேங்கா கீங்கா ஒடைச்சிராதீங்க தாயி, சாமியில்லாத கோயிலு" என்று சிரித்தார். சிரிப்பு அடங்குமுன் குடையை விரித்துக்கொண்டு தேநீர்க் கடைப்பக்கம் போய்விட்டார்.

"அமே, சீக்கிரம். போன்ல சார்ஜு பன்னெண்டுதான் இருக்கு." அம்மாவைப் பர்மிய வழக்கில் அப்படித்தான் கூப்பிடுவாள் கலா. வெளிச்சத்துக்காகக் கதவோரம், கடைசிப் பெஞ்சை ஒட்டி நின்றாள்.

புஷ்பலதா முன்வரிசையில் அப்பா அடையாளம் சொன்ன அவருடைய இடத்தில் உட்கார்ந்தாள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, ஆற்றுச் சேற்றின் வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை, நனைந்த லோஞ்சிக் கைலியும் சுருட்டும் முகத்தில் பூசும் தனக்காச் சாந்தும் கலந்த, ஆட்கள் நெருங்கி அமர்ந்த அறையின் வாடை, மெல்ல மேலே வந்தது. பலகை வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து இடம் விட்டதுபோல.

மழையின் ஊடே மூச்சுச் சத்தம். எதிர்ப் பெஞ்சில் ஒன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. எண்ணினாள். பதினேழில் நிறுத்திக்கொண்டாள்.

எழுந்து ஓடலாம். அப்பாவும் ஓடினார்.

இடப்பக்கத்து வெற்றிடத்தை நோக்கி வலக்கையை நீட்டினாள்.

கை வந்தது.

ஈரமாக. முதிய விரல்கள். மூட்டுமூட்டாக மூடிக்கொண்டன. ஒருமுறை குலுக்கின. விட்டன. அவள் கையை இழுத்துக்கொள்ளுமுன் வலப்பக்கத்திலிருந்து வேறொரு கை அதைப் பிடித்தது. அது விடவில்லை.

பெஞ்சு நெடுக உள்ளங்கைகள் சேரும் ஓசை. அடுத்து. அதற்கடுத்து. முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது. ஓசை கதவை நோக்கிப் போனது.

கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

செல்போன் ஒலித்தது. கலா அதை இடது காதில் வைத்தாள். வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வேலம்மாவின் அழுகை கதவோரத்திலிருந்து இங்குவரை கேட்டது.

"அமே... தாத்தா போயிட்டாராம். சிரிச்ச முகமாப் போனாராம்."

கடைசிப் பெஞ்சு கிரீச்சிட்டது.

கலா அழுதுகொண்டே அம்மாவைப் பார்த்து நின்றாள். அவளுடைய வலக்கை தன்போக்கில் பக்கவாட்டில் உயர்ந்து, எதுவுமில்லாத காற்றில், மரியாதையாக, மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது.