பதினான்கு மில்லிமீட்டர்

செவ்வாய், காலை 8.40.

கால்நடை ஆய்வகத்தில் ஜிபெக் கண்ணாடித் தட்டைக் கவிழ்த்து, அளவுகோலை வைத்துப் பார்த்தாள். பதினான்கு மில்லிமீட்டர். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். அப்போதும் பதினான்குதான்.

"போச்சுக்கா," என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புருல் தன் கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. தரநிர்ணயக் குழு தனக்கு முன்னதாக அனுப்பிவைத்த ஆள் அவள். அடுத்தவர் தட்டில் குறை கண்டுபிடிப்பதையே இருபது வருடமாகப் பிழைப்பாக வைத்திருந்தாலும், யாராவது அழுதால் தாங்கமாட்டாள்.

"எது போச்சு? நிதானமா சொல்லு."

"டெட்ராசைக்ளின். பதினெட்டுலேர்ந்து இருபத்தஞ்சுக்குள்ள விழணும். பதினாலுல நிக்குது."

விஷயம் இதுதான். ஐந்து மலை மாவட்டங்களின் கால்நடை ஆய்வகங்கள் சேர்ந்து ஓர் அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தன. நோயுற்ற ஆட்டிலிருந்து எடுத்த கிருமியை, தட்டில் ஊற்றி உறையவைத்த கூழின்மேல் பரப்பி, மேலே மருந்து வில்லையை வைத்தால், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் ஒன்று விழும். வட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தால் அந்த மருந்து ஆட்டுக்குக் கேட்கும், எவ்வளவு சிறிதானால் கேட்காது என்று கோடு கிழிப்பதுதான் அட்டவணையின் வேலை. இதில் யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காக எல்லா ஆய்வகத்துக்கும் ஒரே கிருமியை அளவுகோலாகக் கொடுத்திருந்தார்கள்; ஜிபெக் இப்போது அளந்தது அதைத்தான். அதன் வட்டம் வரம்புக்குள் விழாத ஆய்வகத்தின் மற்ற எண்களை யாரும் மதிக்கமாட்டார்கள்.

குழு மதியம் மூன்று மணிக்கு வருகிறது. ஜிபெக் ஒரு வருடமாக மேய்ச்சல் நிலம் மேய்ச்சல் நிலமாக அலைந்து சேர்த்த முந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்டுக் கிருமிகள் அந்தப் பதினான்கில் மாட்டிக்கொண்டு நின்றன.

காலை 9.15.

ஆய்வகத் தலைவர் ஒரோஸ்பெக் செய்தியைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் போட்டார். கிருமிகளைப் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நிர்வாகத்திலிருந்து வந்தவர். விருந்தாளி என்றால் உயிரை விடுவார். குழுவை உபசரிக்கவென்றே போன வாரம் டீத் தண்ணீர் கொதிக்கவைக்கும் புதிய சமோவார் ஒன்றை வாங்கி, தம் அறை ஜன்னலோரம் கொலு வைத்திருந்தார். அது முகம் பார்க்கும்படி மின்னியது.

"இந்தப் பொண்ணோட கவனக்குறைவு, வேறென்ன," என்றார். "ஒரு காகிதம் எடு ஜிபெக். 'என் கவனக்குறைவால்'னு ஆரம்பிச்சு விளக்கம் எழுதிக் கொடு. மூணு மணிக்குள்ள எனக்கு வேணும். அப்புறம் உன் வேலையைப் பத்திப் பேசிக்கலாம்."

"நான் செய்யாததை நான் எப்படிண்ணே எழுதறது?"

"அப்ப யாரு செஞ்சா? தட்டு தானா சுருங்கிச்சா?"

"அண்ணே, ஒரு டீ கிடைக்குமா?" என்று புருல் குறுக்கே புகுந்தாள்.

விருந்தாளி வாய்விட்டுக் கேட்டதில் ஒரோஸ்பெக்கின் கோபம் பாதி இறங்கியது. ஜிபெக் உதவிக்குக் கை நீட்ட, தட்டிவிட்டார். "இதை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேனே. தண்ணி ஊத்தறதும் நான்தான், தொடைக்கறதும் நான்தான்."

புருல் ஒரு வாய் குடித்தாள். அக்-புலாக் ஊற்றுத் தண்ணீரில் போட்ட டீக்கு அந்த வட்டாரமே அடிமை. இந்த டீயோ சப்பென்று இருந்தது. இலை பழசாக இருக்கும் என்று நினைத்து, எண்ணெயில் பொரித்த போர்சோக் ஒன்றைக் கடித்துச் சமாளித்தாள்.

காலை 10.30.

சாமான் அறைக் காப்பாளன் குபாத் நாற்காலியில் நெளிந்தான். அவனுக்கும் ஜிபெக்குக்கும் ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"மருந்து வில்லை உன் பொறுப்புதானே?" என்றாள் புருல்.

"ஆமாக்கா."

"சனிக்கிழமை கரண்டு போச்சா?"

அவன் முகம் வெளுத்தது. "அஞ்சு மணி நேரம். உறைபெட்டி நின்னுபோச்சு. அவ திட்டுவாளேன்னு சொல்லலை. என்னாலதானா அக்கா எல்லாம்?"

"உன்னால இல்ல. வில்லை கெட்டிருந்தா முதல்ல சாகறது ஆம்பிசிலின். அது நல்லா கல்லு மாதிரி வரம்புக்குள்ள உக்காந்திருக்கு. ஜென்டாமைசினும் அப்படியே. போய் அந்தப் பொண்ணுகிட்ட கரண்டு விஷயத்தைச் சொல்லிடு. திட்டினா வாங்கிக்க."

அவன் அறைக் கெண்டியிலிருந்து புருலுக்கு டீ ஊற்றினான். கெண்டியின் உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு. டீ மட்டும் அமிர்தமாக இருந்தது. அதே ஊர், அதே கடை இலை. புருல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கெண்டிக்குள் மறுபடியும் எட்டிப் பார்த்தாள்.

பகல் 11.20.

"கூழ் என்னிக்குக் காய்ச்சின, ஜிபெக்?"

"நேத்திக்குக் காலையிலக்கா. வெள்ளிக்கிழமை நானே காய்ச்சி வடிச்சு வச்ச தண்ணி. இதோ, இந்தக் கேன்."

"தட்டுல கூழ் எவ்வளவு கனம்?"

"நாலு மில்லிமீட்டர். அளந்துதான் ஊத்தினேன்."

"நம்பறேன். கனம் கூடியிருந்தா மூணு வட்டமும் சேர்ந்து சுருங்கியிருக்கும். கிருமி அதிகமாப் போயிருந்தாலும் அப்படித்தான். இங்க ஒண்ணு மட்டும்தான் சுருங்கியிருக்கு." புருல் எழுந்தாள். "ரெண்டு கண்ணாடிச் சில்லும் அடுப்பும் எடுத்து வை. உங்க தலைவரைக் கூப்பிடு. சமோவார்லேர்ந்து ஒரு கரண்டி தண்ணி கொண்டுவரச் சொல்லு. அவர் கையாலயே கொண்டுவரட்டும்."

பகல் 11.45.

ஒரு சில்லில் சமோவார் தண்ணீர், மற்றதில் கேன் தண்ணீர். இரண்டும் சூட்டில் வற்றின. சமோவார் சில்லு கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. கேன் சில்லில் வெள்ளையாக ஒரு வட்டம் மிஞ்சியது.

"வடிச்ச தண்ணி இருக்கவேண்டிய கேன்ல ஊத்துத் தண்ணி. ஊத்துத் தண்ணி இருக்கவேண்டிய சமோவார்ல வடிச்ச தண்ணி," என்றாள் புருல். "அந்த ஊத்துல சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கொள்ளை கொள்ளையா இருக்கு. ரெண்டும் டெட்ராசைக்ளினைக் கையைப் பிடிச்சு நிறுத்திவைக்கும். மத்த ரெண்டு மருந்தையும் சீண்டாது. அதான் ஒரு வட்டம் மட்டும் சுருங்கிச்சு."

"யாருக்கா மாத்தினது?" என்றான், வாசலில் வந்து நின்ற குபாத்.

"காலையில குடிச்ச டீ சப்புனு இருந்தப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். இந்த ஊர்ல எல்லாக் கெண்டியிலயும் படிவு இருக்கு, இந்தச் சமோவார் தண்ணியில மட்டும் அது இல்லை. அதுக்குத் தண்ணி ஊத்தறது ஒரே ஒருத்தர்தான்." அவள் திரும்பினாள். "ஒரோஸ்பெக் அண்ணே, நீங்கதான்."

ஒரோஸ்பெக்கின் காது நுனிவரை சிவந்தது.

"புதுசு... வெள்ளை படிஞ்சா விருந்தாளி என்ன நினைப்பாங்க?" என்றார் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை கேன்லேர்ந்து எடுத்துக்கிட்டு, குறைஞ்சதுக்கு ஊத்துத் தண்ணியை நிரப்பி வச்சேன். கண்ணு மாதிரி தெளிவா இருந்துச்சு, தங்கச்சி. தண்ணியில என்ன வித்தியாசம்னு நினைச்சேன்."

குபாத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. ஜிபெக்குக்கும் வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"முந்நூத்திப் பன்னிரண்டும் என்னக்கா ஆகும்?" என்றாள் ஜிபெக், சிரிப்பு அடங்கியதும்.

"அதுங்களை அளந்த அன்னிக்கெல்லாம் அளவுகோல் கிருமி சரியாத்தானே விழுந்துச்சு? உன் நோட்டுல பார்த்துட்டேன். அதெல்லாம் செல்லும். காரணம் தெரிஞ்ச தப்பைத் திருத்தி மறுபடி செஞ்சு காட்டலாம்னு விதியிலயே இருக்கு. புதுசா தண்ணி வடி, கூழ் காய்ச்சு, நாளைக்குக் காலையில அளந்துடலாம். ஆனா காரணம் எழுத்துல வேணும்."

ஜிபெக் அப்போதுதான் தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து கசங்கிக் கிடந்த அதில் 'என் கவனக்குறைவால்' என்ற இரண்டே சொற்கள் இருந்தன. அதற்குமேல் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. அவள் அதைக் கிழிக்கப் போனாள்.

"இரு பொண்ணே," என்று ஒரோஸ்பெக் வாங்கிக்கொண்டார்.

தொப்பியை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து, சமோவார், கேன், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றுவிடாமல் எழுதி, கீழே தம் பெயரைப் பெரிதாகக் கையெழுத்திட்டார். பிறகு சமோவாரைத் தூக்கிக்கொண்டு, அதில் நிரப்ப ஊற்றை நோக்கி நடந்தார்.