கோணம் மாறவில்லை

முதலில் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு என்றுதான் நினைத்தாள். அடுத்த ஜன்னலுக்கு வந்தபோதும் அதே இடது ஓரத்தில், அதே உயரத்தில் இருந்தது. அதெப்படி இரண்டு கண்ணாடியிலும் ஒரே இடத்தில் அழுக்குப் படியும்?

இடுப்பில் ஏழு மாதப் பொடியன் தூங்குவேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். அவனைத் தட்டிக்கொண்டே வீட்டின் நீளமான நடையில் போவதும் வருவதுமாக இருந்தாள். மழை விட்ட சாயங்காலம். சுவரிலிருந்து ஈரவாடை, எங்கோ குழாய் சொட்டுகிற ஓசை, வெளியே மைதானத்தில் மெல்ல இறங்கும் இருட்டு. அவள் திரும்பி நடந்தால் அதுவும் கூடவே நகர்ந்தது. அதே கோணம். இப்போது கொஞ்சம் பெரிதாக.

இது அவளுடைய தொழில். ஏவுகணைகளுக்கு வழிகாட்டும் கணக்கை எழுதுகிறவள். பறந்துகொண்டிருக்கும் குறியின் பின்னாலேயே துரத்தக்கூடாது. அது போய்ச் சேரப்போகும் இடத்துக்குக் குறுக்கே போக வேண்டும். குறி தெரிகிற திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதல் நிச்சயம்.

ஓடிப்பிடித்து விளையாடும்போது மகளுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆறு வயது வாலு, கப்பென்று பிடித்துக்கொண்டது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கே ஓடிவந்து, “மாட்டுனியா!” என்று இடுப்பில் மோதும். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அது போய்விட்டது. அப்போது பொடியன் வயிற்றில் இருந்தான்.

கடைசி ஜன்னலில் நின்றாள். மைதானத்தில் வந்த உருவம் கைகளைப் பின்னால் கட்டியிருந்தது.

செத்த பிள்ளை திரும்பி வராதென்று தெரியும். ஆனால் பெற்ற வயிறு கேட்குமா? அள்ளிக்கொள்ள இரண்டு கையும் வேண்டும் அவளுக்கு. உள்ளறைக்கு ஓடினாள்.

“ஏங்க, இவனைக் கொஞ்சம் பிடிங்க.”

“தூங்கிட்டானா?” என்றான் கணவன்.

“பிடிங்கன்னு சொல்றேன்ல!”

வாசலில் இறங்கி, சேற்றில் நின்று கைகளை விரித்தாள். “வாடி தங்கம். அம்மாகிட்ட வந்துடுடி.”

உருவம் இடது ஓரத்திலிருந்து நகர்ந்தது. நடுவுக்கு. நடுவிலிருந்து வலப்பக்கம்.

கோணம் மாறுகிறது. அப்படியென்றால் அவள்மேல் மோதாது. வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நேரம் அது குறிவைத்தது அவளை இல்லை. இடுப்பில் இருந்தவனை.

வயிற்றில் காதை வைத்துக்கொண்டு வாலு சொன்னது நினைவுக்கு வந்தது. “தம்பி வெளிய வரட்டும்மா. நான்தான் மொதல்ல பிடிப்பேன்.”

“இங்கடி! அம்மா இங்க இருக்கேன்டி! என்னைப் பிடிடி!”

கத்தினாள். குறுக்கே ஓடினாள். அது திரும்பவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனது. காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாடை. பெற்றவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தப் பயத்திலும் அது அவள் நெஞ்சை அறுத்தது.

உள்ளே ஓடினாள். நடை முழுக்கச் சின்னச் சின்ன ஈரப் பாதங்கள். உள்ளறைக் கதவு திறந்திருந்தது.

கணவன் முதுகைக் காட்டியபடி நின்றிருந்தான். “ஷ்ஷ்... கத்தாத. இப்பத்தான் கண்ணசர்றான்.”

பொடியன் விழித்திருந்தான். அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கீழே, அந்தச் சின்ன உருவம் பின்னால் கட்டியிருந்த கைகள் இரண்டும் அவிழ்ந்து மேலே நீண்டன.

கலகலவென்று சிரித்துக்கொண்டு அவன் தாவினான்.