கூடவே ஓடும் இஞ்சின்

மூன்று பல்புகளும் அணைந்தன. அதில் விசேஷம் ஒன்றுமில்லை, அணைய வேண்டியவைதான். அணைந்தது அணைந்தபடியே இருந்ததுதான் சாம்சனுக்குச் சரியாகப் படவில்லை.

கோட்டைக்குப்பம் ஐஸ் ஃபேக்டரியில் இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள். ஒன்று மட்டும் ஓடினால் விளக்கையும் பம்பையும் தாங்கும். ஐஸ் ரூமைக் குளிர வைக்கும் கம்ப்ரஸர் ஓடவேண்டுமென்றால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தாக வேண்டும். சேர்ப்பது என்றால் சும்மா சுவிட்ச் போடுகிற காரியமில்லை. இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே அடியில் சுற்ற வேண்டும். தானாகச் சேர்த்துவிடும் புது பேனல் புயல் தண்ணீரில் ஊறிப் போய்க் கிடந்ததால், சாம்சன் பழைய முறைக்கு வந்திருந்தான். இரண்டுக்கும் நடுவே மூன்று பல்புகள். இஞ்சின்கள் ஒத்துப் போகாதவரை அவை எரிந்து எரிந்து அணையும். ஒத்துப் போகும் நொடியில் முழுதாக இருண்டுவிடும். அந்த இருட்டில் இரண்டையும் இணைக்கும் பிரேக்கரை மேலே தள்ள வேண்டும். பல்பு எரியும்போது தள்ளினால் இஞ்சினே அடித்தளத்தைப் பிய்த்துக்கொண்டு துள்ளும்.

அந்த இருட்டு எப்போதும் ஒரு மூச்சு நேரம்கூட நிற்காது. அதனால்தான் இது இரண்டு ஆள் வேலை. சாம்சன் பேனல் முன்னால் பல்பைப் பார்த்தபடி நிற்பான். தம்பி பிரசாந்த் இரண்டாவது இஞ்சினின் பக்கத்தில் குந்தி, கவர்னர் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருகி வேகத்தைக் கட்டுவான். "பிரசாந்த், சேரலாமா?" என்று இவன் கத்த, "சேரு!" என்று அவன் கத்த, பிரேக்கர் மேலே ஏறும். கடலில் இரண்டு படகு சேர்ந்து வலை இழுக்கும்போது இந்தப் படகுக்காரன் அந்தப் படகுக்காரனைப் பேர் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் இழுப்பான். பிரசாந்த் அந்தப் பழக்கத்தைக் கரைக்குக் கொண்டுவந்து இஞ்சினுக்கும் வைத்திருந்தான்.

இன்றும் சாம்சன் கத்தினான். வாய் அதுவாகக் கத்திவிட்டது.

கத்திய பிறகுதான், பிரசாந்த் சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் ரூமில் ஐஸ் பார்களின் மேல் வேட்டி போர்த்திப் படுத்திருப்பது நினைவுக்கு வந்தது. பதில் எதுவும் வரவில்லை. ஆனால் துடித்துக்கொண்டிருந்த பல்புகள் மெல்ல மெல்லச் சோம்பி, யாரோ பக்கத்தில் குந்தி மயிரிழையாகத் திருகுவது போல நிதானப்பட்டு, இருண்டு, அப்படியே நின்றன. சாம்சன் பிரேக்கரைத் தள்ளினான். ஒரு சின்ன உதறல்கூட இல்லை. கம்ப்ரஸர் எழுந்து முனகத் தொடங்கியது.

பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. முகத்துவாரத்தில் கவிழ்ந்த படகிலிருந்து தம்பியை இழுத்துப் போட்ட நேரத்திலிருந்தே அவனுக்கு எதுவும் வரவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டான், வண்டி பிடித்தான், ஐஸ் அடுக்கினான். கல்லாட்டம் நிக்கிறான் பாரு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

புயலுக்குப் பிறகு ஊரில் கரண்ட் இல்லை. உடம்பை வைக்கும் கண்ணாடிப் பெட்டி வாடகைக்கு எங்கும் கிடைக்கவில்லை. குவைத்தில் இருந்த தங்கை செசிலியா எப்படியோ விமானம் பிடித்துச் சென்னையில் இறங்கியிருந்தாள். "அண்ணா, மூடிடாதீங்க அண்ணா. மூஞ்சிய ஒருதபா பாத்துடறேன். வந்துனே இருக்கேன்," என்று மதியம் போனில் அழுதாள். ரோடு தண்ணீரில் கிடந்தது, டிராக்டரில் வருகிறாள். அவள் வந்து சேரும்வரை தம்பியின் முகம் முகமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்த உடம்பு. சாம்சனுக்கு உலகத்தில் மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

ஜன்னலுக்கு வெளியே ஏரியும் வானமும் ஒரே ஈயநிறத்தில் மங்கிக்கொண்டிருந்தன. பிரசாந்தின் மனைவி ஜெபசெல்வி டீ கொண்டுவந்தாள். இரண்டு நாளாக அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"யார்கிட்ட மாமா பேசினீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"பேர் சொல்லிக் கூப்ட்டீங்க. எனக்குக் கேட்டுச்சு." அவள் இரண்டாவது இஞ்சினைப் பார்த்தாள். "தண்ணில போனவங்கள அடக்கம் பண்ற வரிக்கும் வேலைக்குக் கூப்புடக் கூடாதுனு எங்க நைனா சொல்லுவாரு. வந்துடுவாங்களாம்."

"வாய் தவறி வந்துச்சும்மா."

"நான் கூப்ட்டாலாவது அர்த்தம் இருக்கு," என்றாள் ஜெபசெல்வி. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஐஸ் ரூமுக்குத் திரும்பிப் போனாள்.

டீ கிளாஸ் கையில் இருந்தது. ஆவி பறந்தது. கிளாஸைச் சுற்றியிருந்த விரல்களில் சூடு தெரியவில்லை. களைப்பு, தூக்கமில்லை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டு குடித்தான். நாக்கிலும் தெரியவில்லை.

பேனலில் பாரம் காட்டும் இரண்டு மீட்டர்களின் முள்ளும் ஒரே இடத்தில் நின்றன. அதுவும் வழக்கமில்லை. இரண்டாவது இஞ்சின் சோம்பேறி. எத்தனை திருகினாலும் பாரத்தை முதல் இஞ்சினின் தலையில் தள்ளிவிட்டுத் தான் கொஞ்சமாக இழுக்கும். பிரசாந்த் அதை மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என்பான். இன்று மாப்பிள்ளை சரிபாதி சுமந்துகொண்டிருந்தான்.

சாம்சன் அதன் பக்கத்தில் போனான். டீசல் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. முகத்துவாரத்துச் சேறும் அழுகிய பாசியும் கலந்த வாசனை, வலையை உதறும்போது வருவது. புயல் தண்ணீர் புகுந்த இடம், வாசனை வரத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டான். தொட்டியின் பக்கத்துக் கண்ணாடிக் குழாயைப் பார்த்தான். டீசல் மட்டம் அதில்தான் தெரியும்.

குழாய் காலி. ஒரு சொட்டு இல்லை.

நிரப்ப மறந்திருக்கிறான். டீசல் பைப்பில் மிச்சமிருந்ததில் கிளம்பியிருக்கிறது, அதுவும் தீர்ந்துபோயிருக்கிறது. சரி, இதுவும் அவனுக்குத் தெரிந்த ஆபத்துதான். சேர்ந்து ஓடும் இரண்டில் ஒன்று செத்துப்போனால் அது நின்றுவிடாது. உயிரோடிருப்பது அதையும் சேர்த்துச் சுற்றும். பார்க்கிறவனுக்கு இரண்டும் ஓடுவது போலவே இருக்கும். செத்ததை இழுத்து இழுத்தே உயிருள்ளதும் நாசமாகும். அதனால் உடனே பிரேக்கரை இறக்கிப் பிரித்துவிட வேண்டும் என்பதுதான் அவன் படித்த முதல் பாடம்.

ஆனால் அப்படி இழுக்கப்படும் இஞ்சினின் முள் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும். வாங்குகிறதே ஒழிய அது எதையும் கொடுப்பதில்லை.

முள் கீழே போகவில்லை. கொடுத்துக்கொண்டிருந்தது. முதல் இஞ்சினிலும் கூடுதல் திணறல் இல்லை, பாதிப் பாரத்தோடு சுகமாக ஓடியது. புகைக்குழாயைத் தொட்டான். அதில் நீர் முத்துக் கோத்திருந்தது. கையில் நனைந்தது தெரிந்தது. குளிரா சூடா என்று தெரியவில்லை.

டீசல் இல்லை. முதல் இஞ்சினிடமிருந்தும் வாங்கவில்லை. அப்படியென்றால் எங்கிருந்து?

பிரிக்க வேண்டும். பிரித்தால் கம்ப்ரஸர் நின்றுவிடும். வறண்ட இஞ்சினுக்குள் காற்று ஏறியிருக்கும், மறுபடி கிளப்புவது லேசில் நடக்காது. அதற்குள் ஐஸ் ரூம் சூடேறும். செசிலியா வந்து பார்ப்பது தம்பியின் முகமாக இருக்காது.

சாம்சன் பிரேக்கரைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். ஓடட்டும் என்று முடிவு செய்தான். தெரிந்தேதான் செய்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்தான். இரண்டு இஞ்சின்களின் தடதடப்பு ஒரே தடதடப்பாகத் தரையில் ஓடியது. முழங்கைவரை மரத்திருந்தது. பிறகு தோள்வரை. வலி இல்லை. ஒருவிதத்தில் சௌகரியமாகவே இருந்தது. இந்த இரண்டு நாளாக மனசு இருந்த நிலைக்கு உடம்பும் இப்போதுதான் வந்து சேர்கிறது.

இரண்டாவது இஞ்சினின் முள் மேலே ஏறியது. கொஞ்சம்.

அவன் கண் இருண்டு தெளிந்தது.

முள் இன்னும் கொஞ்சம் ஏறியது.

எங்கிருந்து என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவனிடமிருந்துதான். புரிந்ததும் பயம் வந்தது, இத்தனை நேரம் வராத எல்லாம் சேர்ந்து வந்தது. எழுந்தான். பிரேக்கரைப் பிடிக்கப் பார்த்தான். விரல்கள் மடங்கவில்லை. மணிக்கட்டால் இடித்தான். வலு இல்லை. கவர்னர் திருகு தானாகத் திரும்பியது. மயிரிழை. இன்னொரு மயிரிழை.

"போதும்டா," என்றான். "பிரசாந்த். போதும்."

மறுபடியும் பேர் சொல்லிவிட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெபசெல்வி கத்தினாள். "மாமா! ஐஸ் கரையுது மாமா!"

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுவரில் தோளைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். ஐஸ் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரோரம் அடுக்கிய பார்கள் எல்லாம் அப்படியே இறுகி வெள்ளையாக நின்றன. குளிர் வெண்புகையாகத் தரையில் தவழ்ந்தது. பிரசாந்துக்கு அடியில் இருந்த ஐஸ் மட்டும், அவன் முதுகின் அளவுக்குக் குழிந்து தண்ணீராகச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெபசெல்வி அவன் நெஞ்சில் கை வைத்திருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "சூடா கீது மாமா. தொட்டுப் பாருங்க, சூடா கீது." சாம்சனின் கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்த வேகத்தில் விட்டுவிட்டாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் போனாள்.

"இன்னா மாமா," என்றாள் மெதுவாக. "இன்னா ஆச்சு உங்களுக்கு?"

வெளியே டிராக்டர் வந்து நின்றது. யாரோ சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடிவரும் சத்தம்.

செசிலியா வாசலில் வந்து நின்றாள். மூச்சு இரைத்தது. "அண்ணா" என்றாள். எந்த அண்ணனை என்று அவளுக்கே தெரியாதது போல, படுத்திருந்தவனையும் நின்றிருந்தவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வந்துட்டியாம்மா என்று கேட்க சாம்சன் வாயைத் திறந்தான். சத்தம் எழவில்லை.

ஐஸ் ரூமின் குளிரில் செசிலியாவின் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. ஜெபசெல்வியின் வாயிலிருந்து வந்தது. ஐஸின் மேல், லேசாகத் திறந்திருந்த பிரசாந்தின் வாயிலிருந்து ஒரு மெல்லிய வெண்புகை எழுந்து, கலைந்து, மறுபடி எழுந்தது. சாம்சன் வாயைத் திறந்தபடியே நின்றான். அவன் முகத்துக்கு முன்னால் காற்று தெளிவாக இருந்தது.