இரண்டாவது மூச்சு

எண்ணிக்கை மறுபடியும் ஏறியிருந்தது. புதிதாக ஒருவர்கூட அந்த ஆப்பைத் தங்கள் போனில் ஏற்றவில்லை. ஆனாலும் தூங்குகிறவர்கள் கூடியிருந்தார்கள்.

பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு படுத்தால், மூச்சுச் சத்தத்தைக் கேட்டு எப்படித் தூங்கினோம் என்று சொல்லும் ஆப் அது. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது அவள் வேலை. ஒரே போனில் இரண்டு மூச்சு கேட்டால் இரண்டு பேர் என்று எண்ணவைத்ததும் அவள்தான். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டச் சொல்லி மேனேஜர் உயிரை வாங்கியதால் செய்த தில்லுமுல்லு. கூடத்தான் செய்தது. ஆனால் இரண்டான வீடுகள் எல்லாம் சில நாளில் மறுபடி ஒன்றாகிக்கொண்டிருந்தன.

"சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும். முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்" என்று மேனேஜர் காலையிலேயே எரிந்து விழுந்திருந்தார்.

வீட்டிலிருந்தே வேலை. மூடிய படுக்கையறையில் கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். இரவு நேர நர்ஸ், பகலில்தான் தூக்கம். மூச்சு இழுக்கும்போது அவன் மூக்கில் மெல்லிசாக ஒரு விசில் வரும். கல்யாணமான புதிதில் அதை வைத்து அவனை ஓட்டாத நாளில்லை. இப்போது அது காதில் விழுந்தால்தான் அவளுக்கு வேலை ஓடும்.

இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்ட ஒரு வீட்டுக்குப் போன் போட்டாள். தனியாக இருக்கும் தையல்காரர். நான் ஒண்டிக்கட்டை, எனக்கு எப்படி இரண்டு பேர் காட்டுகிறது என்று போன வாரம் புகார் செய்திருந்தார். சின்னக் கோளாறு, சரியாகிவிடும் என்று அவள் பதில் அனுப்பியிருந்தாள்.

போனை எடுத்தார்கள். பேசவில்லை. ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல நிதானமாக ஒரு மூச்சு உள்ளே போனது. மறுபடி உள்ளே போனது. வெளியே விடும் சத்தமே இல்லை.

சட்டென்று துண்டித்தாள். ஒன்றாகிவிட்ட மற்ற வீடுகளின் பதிவுகளைப் போட்டுக் கேட்டாள். எல்லாவற்றிலும் இதே மூச்சுதான். அங்கே குடியிருந்தவர்களின் மூச்சு எதிலுமே இல்லை.

கணவன் போனிலும் அந்த ஆப் இருந்தது. ஏற்றிக்கொடுத்ததே அவள்தான்.

திரையில் தங்கள் வீட்டைத் தேடினாள்.

இரண்டு.

தன் மூச்சாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். ஆனால் அவள் கூடத்தில் இருந்தாள், கதவு மூடியிருந்தது.

எழுந்து ஓடினாள். கைப்பிடி திரும்பியது, கதவு நகரவில்லை. உள்ளே விசில் கேட்டது. அவன்தான். உயிரோடு இருக்கிறான்.

"என்னங்க... எழுந்திரிங்க. கதவத் திறங்க."

விசில் பாதியில் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். மேஜைமேல், திரையில், ஒன்று.

காலடியில் சில்லென்று ஏதோ பட்டது. கதவுக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாக, அவள் விரல்களை உரசிக்கொண்டு காற்று உள்ளே போனது.

மறுபடி உள்ளே போனது.