எட்டாத தாழ்ப்பாள்

பெட்டி படுக்கையோடு அவன் வந்து இறங்கிய அன்று, சாவியைக் கையில் கொடுக்கும்போது வீட்டுக்காரம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"பால்கனிக் கதவ சும்மா சாத்தி வைங்க தம்பி. தாழ் போட வேணாம்."

"ஏம்மா?"

"முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான் வச்சிருந்தாங்க."

அவன் லிஃப்ட் மெக்கானிக். கதவு ஒரு நூல் இடைவெளி விட்டாலும் லிஃப்ட்டை நகரவிடாமல் செய்து சம்பளம் வாங்குகிறவன். அவனிடம் போய்த் தாழ் போடாதே என்றால் கேட்பானா? அதிலும் அவனுக்குத் தவழும் வயதில், பதினொரு மாதத்தில் ஒரு மகள். பிரிந்துபோன மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்: "ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். வீடு பாதுகாப்பா இருந்தாத்தான் சனிக்கிழமை தோறும் பாப்பாவ விடுவேன்." நான்கு மாதமாக மகளைப் பூங்கா பெஞ்சில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழந்தையின் உயரத்தில் இருந்து வீட்டைப் பாருங்கள் என்று தடுப்பூசி போடும் நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆறடி ஆள், வெயில் விழுந்த மத்தியானத்தில், யாரும் பார்க்காத தைரியத்தில் முட்டி போட்டுத் தவழ்ந்தான். மேஜைக்கு அடியில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. பிளக் பாயின்ட் சரியாகக் கண்ணுக்கு நேரே இருந்தது. ஆணியைப் பிடுங்கி, ஓட்டைகளை மூடி, மூலைகளுக்கெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டினான். கடைசியாகப் பால்கனிக் கதவில், தன் தலைக்கும் மேலே, ஒரு தாழ்ப்பாள் மாட்டினான்.

சரிபார்க்க மறுபடி தவழ்ந்தான். டொக், டொக். நின்றான்.

டொக்.

அவனுக்குப் பின்னால் ஒரு முட்டி கூடுதலாகத் தரையைத் தொட்டது.

திரும்பினால் யாருமில்லை. கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் வருமே, அந்தப் புளித்த பால் வாசனை மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் பால்கனிக் கதவின் அடியில், உள்பக்கமிருந்து, ஒரு சின்ன உள்ளங்கை தட்டியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாள் அந்த வழியாக வந்து போய்க்கொண்டிருந்த ஒன்றை அவன் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான். தாழை இழுத்துவிட்டால் போய்விடும்.

இழுக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்து சாவியைத் திருப்பியபோது, உள்ளே டொக் டொக் என்று ஏதோ வாசலுக்கு விரைந்து வந்தது. அவன் வருகிறான் என்று யாரும் வாசலுக்கு ஓடி வந்து எவ்வளவு நாளாயிற்று! 

"வந்துட்டேன் கண்ணு," என்றான், காலியான கூடத்தைப் பார்த்து.

நாளைக்குத் திறந்துவிடலாம் என்று தினமும் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மனைவி அலமாரி அலமாரியாக ஆட்டிப் பார்த்தாள். தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தேவிட்டாள். "உங்க லிஃப்ட்ட விடக் கெட்டியா இருக்கே!"

சனிக்கிழமை மகள் வந்தாள். கூடத்தில் இறக்கிவிட்டதும் தவழ்ந்தாள். டொக், டொக். நின்றாள்.

டொக்.

மகள் திரும்பி, யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள்.

 மகளை வாரி எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பால்கனிக் கதவைத் திறந்து பிடித்தான். "போயிடு கண்ணு," என்று கெஞ்சினான். காற்று உள்ளே வந்தது. எதுவும் வெளியே போனதாகத் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு மனைவி வந்து மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அம்மாவின் தோளில் சாய்ந்திருந்த மகள், பின்னால் வந்த ஒவ்வொரு படியையும் குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

வீடு அமைதியாகிவிட்டது. தவழ்ந்து பார்த்தான். அவன் முட்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நிம்மதியா துக்கமா என்று தெரியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

ஏழு மணிக்கு மனைவி போன் செய்தாள். "பாப்பா வழியெல்லாம் சிரிச்சிக்கிட்டே வந்தா. நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க."

அவள் குரலுக்குப் பின்னால் டொக், டொக்.

"இன்னும் தூங்கலையா? தவழுற சத்தம் கேக்குதே."

"என் மடியிலதானே தூங்குறா," என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன சத்தம்?"

டொக்.

மனைவி இருக்கும் அந்தப் பழைய வீட்டுப் பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில்தான் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அவனே மாட்டியது.

அது மெல்ல நகரும் சத்தம் போனில் கேட்டது.