ஊதியவள் குடிக்கவில்லை

புதன்கிழமை காலை 5.42. பஸ் டிப்போ வாசல் மேசையில் இருந்த மூச்சுச் சோதனைக் கருவி கீச்சென்று கத்திவிட்டு ஒரு சின்னச் சீட்டைத் துப்பியது. சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்து வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிப்போவின் ஒரே பெண் ஓட்டுநர், ஊதிய குழாயைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"நான் குடிக்கலை," என்றாள்.

5.50-க்கு அவளுடைய பஸ்ஸை வேறொருவர் எடுத்துக்கொண்டு போனார். 6.15-க்கு மேலாளர் வீட்டிலிருந்தே போனில் அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார். 6.30-க்குள் கேன்டீனில் "நாய் வாலை நிமிர்த்த முடியுமா" என்று பேசி முடித்து, கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஒரு மனுஷியின் கதையை முடிக்க இவர்களுக்கு நாற்பத்தெட்டு நிமிடம் போதுமானதாக இருந்தது.

7.30-க்கு அவள் காவல் நிலையத்தில் இருந்தாள். அங்கே தொலைந்த பொருட்களுக்கென்று ஒரு மூலை மேசை உண்டு. அதில் உட்கார்ந்திருந்த பெண் ஏட்டை எல்லோரும் ஏட்டம்மா என்பார்கள். ஒரு காலத்தில் திருட்டு வழக்குகளில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். குடி அவளை அந்த மூலைக்குத் தள்ளியது. குடியை விட்டு ஆறு வருடம் ஆகியும், பக்கத்தில் வரும்போது மூக்கைச் சுளித்து மோப்பம் பிடிக்கிற அதிகாரிகள் இன்னும் இருக்கிறார்கள்.

"குடிச்சியா?"

"நீயுமா அக்கா?"

"கேக்கறது என் வேலை. பதில் சொல்றது உன் வேலை."

"இல்லை."

"சரி, உக்காரு." ஏட்டம்மா படிவத்தை இழுத்தாள். தொலைந்த பொருள் என்ற இடத்தில் 'நல்ல பெயர்' என்று எழுதினாள். அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கையெழுத்து தாளைக் கிழித்தது.

அந்தப் பெயர் வெள்ளிக்கிழமை காலை 10.30-க்குள் திரும்ப வேண்டும். அன்று குடும்ப நீதிமன்றத்தில் தீர்ப்பு. ஓட்டுநரின் ஏழு வயது மகள் இரண்டு வருடமாகத் தகப்பன் வீட்டில் இருக்கிறாள். 'இவர் ஒழுங்காக வேலைக்கு வருகிறார், குடிப்பதில்லை' என்று டிப்போ தரும் கடிதத்தைத்தான் நீதிபதி கேட்டிருந்தார். இப்போது அந்தக் கடிதம் எப்படி வரும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

ஏட்டம்மாவும் ஓட்டுநரும் சனிக்கிழமைக் குழுவில் பழக்கம். குடியை விட்டவர்கள் ஒன்பது பேர், சைக்கிள் கடையின் பின்னறையில் கூடுவார்கள். ஓட்டுநர் அங்கே வந்து சேர்வதற்குள் ஊரில் இருந்த கதவுகளை எல்லாம் தட்டிப் பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரிக் குழுவின் நேரம் ஷிப்டுக்கு ஒத்துவரவில்லை. போன் வழியாக நடந்த குழுவில் முகம் தெரியாதவர்களிடம் பேச வாய் வரவில்லை. ஷிப்டுக்கு முன்னால், மூன்றரை மணிக்கே கூடுகிற விடியற்காலைக் குழு ஒன்று இருந்தது. அதில் ஒரு வழிகாட்டி உண்டு. அவர் சொன்னபடி நடக்க வேண்டும், 'நான் பாவி' என்று தினமும் எழுந்து நின்று சொல்ல வேண்டும், குடிக்காத நாட்களைப் பலகையில் எழுத வேண்டும். ஒரு நாள் தவறினால் எல்லார் முன்னாலும் அழித்துவிட்டுச் சைபர் போடுவார்கள். அங்கே எட்டு மாதம் இருந்து, குடியையும் விட்டு, பிறகு அந்தக் குழுவையும் விட்டாள். ஒரே செருப்பு எல்லார் காலுக்கும் பொருந்துமா? சனிக்கிழமைக் குழுவில் வழிகாட்டி கிடையாது, பலகையும் கிடையாது. குடிக்காத நாட்களை யாரும் எண்ணுவதில்லை. வாரத்தில் எது இழுத்தது, அப்போது என்ன செய்தோம் என்று பேசுவார்கள்.

"காலையில வாயில என்னல்லாம் வெச்ச?"

"வீட்டுல தண்ணி. கேன்டீன்ல டீ. ரெண்டையும் மோந்து பார்த்துட்டுத்தான் குடிச்சேன். உனக்குத் தெரியாதா?"

ஏட்டம்மாவுக்குத் தெரியும். தன் கையால் போட்ட காபியைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் அவளும் குடிப்பாள். சூடு கண்ட பூனை.

"ஊதறப்போ ஏதாவது வித்தியாசமா?"

"உதடு ஜில்லுனு இருந்துச்சு. பயத்துலயோ என்னவோ."

"ஸ்பிரிட் வாடை?"

"அந்த மேசையில எப்பவும் அந்த வாடைதான். ஊதச் சொல்ற டைம்கீப்பர் ஸ்பிரிட் பஞ்சை வெச்சு மெஷினைத் துடைச்சிக்கிட்டே இருப்பாரு."

"திரும்ப ஊதச் சொன்னாங்களா?"

"இல்லை. நான் கேட்டேன். போம்மா, லைன் நிக்குதுன்னாரு."

"யாருக்கு உன் மேல கோபம்?"

அவள் தரையைப் பார்த்தாள். "சொல்ல முடிஞ்சதைச் சொல்றேன். என் நாத்தனாருக்கு. கேன்டீன் அவதான் நடத்தறா. இன்னிக்கு டீ போட்டுத் தந்ததும் அவதான்."

"சொல்ல முடியாதது?"

"அதைக் கேக்காத அக்கா."

ஏட்டம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வீடு பற்றி எரியும்போது இவள் எந்தப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு நிற்கிறாள்? அதட்டிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். ஓட்டுநர் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

காலை 9.30. டிப்போ கேன்டீன். நாத்தனார் கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"டீயில நான்தான் கலந்தேன்னு வந்திருக்கீங்க. அதானே?"

"கலந்தீங்களா?"

"நான் குடுக்கற டீயை மூக்குக்கிட்ட கொண்டு போயி மோந்து பார்க்கும் அண்ணி. நாலு பேர் நடுவுல எனக்கு எப்படி இருக்கும்? கலந்திருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருக்கும்."

"அவங்க தோத்தா பொண்ணு உங்க வீட்டுலயே இருப்பா."

"இருப்பா. தினமும் அம்மா எங்கேன்னு கேட்டு அழுவா. எங்கண்ணன் டிவி பார்ப்பான், நான் சமாதானம் பண்ணணும். எனக்கென்ன வேண்டுதலா? அண்ணியைக் கண்டா எனக்கு ஆகாது. அதுக்காக அந்தப் பிள்ளை வயித்துல அடிப்பேனா?"

ஏட்டம்மா இரண்டு டீ வாங்கிக்கொண்டு வாசல் மேசைக்குப் போனாள்.

டைம்கீப்பருக்கு ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. சோதனை செய்வதும் பதிவேடு எழுதுவதும் அவர் வேலை. எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"பாவம் மேடம் அந்தம்மா. எனக்கே மனசு கேக்கலை," என்று கோப்பையை வாங்கி, மூக்கருகே ஒரு கணம் நிறுத்தி, உறிஞ்சினார். "நல்ல டிரைவர்."

"இன்னிக்கு எத்தனை பேர் ஊதினாங்க?"

"முப்பத்தொண்ணு. பதிவேட்டுல இருக்கு, பாருங்க."

பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் சீட்டு ஒட்டியிருந்தது. ஓட்டுநருக்கு 5.42. அடுத்த ஆளுக்கு 5.43. ஓட்டுநரின் வரியில் சிவப்பு மையில் 'மறுசோதனைக்கு மறுத்துவிட்டார்' என்று எழுதியிருந்தது.

"ஒருத்தருக்கு மிஷின் கத்தினா மறுபடி ஊதணுமா?"

"பதினஞ்சு நிமிஷம் உக்கார வெச்சு, புதுக் குழாயில ஊதச் சொல்லணும். அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க."

"குழாயெல்லாம் யார் பொறுப்பு?"

"நான்தான். காலையில நாலரைக்குப் புதுப் பெட்டி உடைச்சேன். நூறு குழாய், ஒவ்வொண்ணும் தனித்தனிக் கவர்ல இருக்கும். ஆளுக்கு ஒண்ணு, ஊதினதும் குப்பை. இந்தப் பெட்டி என் கண்ணை விட்டு நகராது. எழுந்து போனா பூட்டிட்டுத்தான் போவேன்."

ஏட்டம்மா பெட்டியை இழுத்து எண்ணினாள். எழுபது. மறுபடியும் எண்ணினாள். எழுபதுதான்.

"உங்களுக்கு இந்தப் பழக்கம் உண்டா சார்?"

"என் வாழ்க்கையில தொட்டதில்லை மேடம். அந்த ஆளுங்க சகவாசமே கிடையாது. ஆனா ஒண்ணு சொல்றேன், நானூத்திப் பன்னண்டு நாள் இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு நாள்ல போச்சு பாருங்க."

"ஆமா," என்றாள் ஏட்டம்மா. "போச்சு." பெட்டியை விசாரணைக்கு என்று கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வியாழன் விடியற்காலை மூன்றரை மணிக்கு, ஏட்டம்மா அந்தப் பழைய குழு கூடுகிற தெரு முனைவரை போனாள். நாலு அடி நடந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பார்க்காமல் திரும்பிவிட்டாள். உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒளித்து வைத்த முகத்தோடு வந்தவர்கள். ஒரு திருடனைப் பிடிக்க நாற்பது பேரின் திரையை விலக்குவது அவளுக்கு அசிங்கமாகப் பட்டது.

வியாழன் மாலை 3.00. மேலாளர் அறை. மேலாளர், டைம்கீப்பர், ஓட்டுநர். ஏட்டம்மா உட்காரவில்லை.

"சீக்கிரம் முடிங்க," என்றார் மேலாளர். "குடிச்சாங்க, மிஷின் காட்டிச்சு. இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"குடிச்சாங்களான்னு எல்லாரும் கேட்டோம். நானும் கேட்டேன். வாய்க்குள்ள என்ன போச்சுன்னே தேடினோம். இவங்க உள்ள போற எதையும் மோந்து பார்க்கறவங்க. மோந்து பார்க்காதது ஒண்ணே ஒண்ணுதான், ஊதற குழாய். அதுல மூச்சு வெளியதானே போகுது?" ஏட்டம்மா மேசைமேல் பெட்டியை வைத்தாள். "நூறு குழாய்ப் பெட்டி. ஊதினவங்க முப்பத்தொண்ணு. மிச்சம் எத்தனை இருக்கணும்?"

"அறுபத்தொன்பது," என்றார் மேலாளர்.

"எழுபது இருக்கு. ஒரு குழாய் இதுலருந்து வரலை. ஸ்பிரிட்ல நனைச்சு யாரோ தயாரா வெச்சிருந்தாங்க. ஸ்பிரிட் பட்டா உதடு ஜில்லுங்கும், மிஷின் கத்தும். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு நல்ல குழாயில ஊதியிருந்தா குட்டு உடைஞ்சிருக்கும். அதனாலதான் ஊத விடலை. இவங்க சீட்டு 5.42, அடுத்த ஆள் 5.43. ஒரே நிமிஷத்துல எப்ப உக்கார வெச்சு, எப்பக் கேட்டு, இவங்க எப்ப மறுத்தாங்க டைம்கீப்பர் சார்?"

டைம்கீப்பர் சிரிக்கப் பார்த்தார். "எண்ணிப் போடறவன் ஒண்ணு கூடுதலா போட்டிருப்பான் மேடம். எனக்கும் இந்தம்மாவுக்கும் என்ன பகை?"

"அதான் எனக்கும் புரியலை. அப்புறம் நீங்க டீ குடிச்சீங்க. மோந்து பார்த்துட்டுக் குடிச்சீங்க. பால் கெட்டிருக்கான்னு பார்க்கறவங்க இழுத்து மோப்பாங்க. குடியை விட்ட நாம அப்படி இல்ல. கோப்பையை ஒரு நொடி மூக்குக்கிட்ட நிறுத்துவோம், அவ்வளவுதான். ஆறு வருஷமா நான் செய்யறேன். நீங்க எத்தனை வருஷமா?"

அவர் சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

"சரி, அதை விடுங்க. நானூத்திப் பன்னண்டு நாள்னீங்க. எங்க குழுவுல நாள் எண்ணறதில்லை. இவங்களுக்கே அந்தக் கணக்கு தெரியாது. எண்ணாம இருக்கப் பழகணும்னுதான் அந்தப் பலகையை விட்டே வந்தாங்க. அவங்களே எண்ணாத நாளை நீங்க எதுக்கு சார் எண்ணினீங்க?"

மேலாளர் ஓட்டுநரைப் பார்த்தார். "இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அங்க யாரைப் பார்த்தேன்னு சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்." அவள் குரல் உயர்ந்தது. அது பயமல்ல, ஆத்திரம்.

அந்த வாக்கை அவளிடம் வாங்கியவரே அவர்தான். பொண்ணு போனாலும் இவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று நம்பித்தான் இறங்கியிருக்கிறார். அவளுடைய நேர்மையையே அவளுக்குக் குழியாக வெட்டிய அந்த மனிதரை அறைய ஏட்டம்மாவின் கை துறுதுறுத்தது.

டைம்கீப்பர் நாற்காலியில் சரிந்தார். "ஒன்பது வருஷம் மேடம். நாப்பது பேருக்கு நான்தான் வழிகாட்டி. வேற வழியில்லை, இதை விட்டுப் போனவன் விழுவான்னு தினமும் சொல்வேன். இவங்க போனாங்க. விழலை. இவங்களைப் பார்த்து ஏழு பேர் போனாங்க. அவங்களும் விழலை. அப்போ ஒன்பது வருஷமா நான் எதுக்குப் பாவின்னு தலை குனிஞ்சு நின்னேன்?"

"அதுக்குப் பொண்ணைப் பறிப்பீங்களா?" என்றாள் ஏட்டம்மா.

"பொண்ணு விஷயம் எனக்குத் தெரியாது."

"தெரியும்," என்றாள் ஓட்டுநர். எங்கே, எப்போது அதைச் சொல்லி அழுதாள் என்று அவள் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே மற்றவர்களுக்குப் புரிந்தது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "நல்லவேளை. தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நடந்தது நடந்துபோச்சு."

"நடக்கலை சார், நடத்தினாங்க. உதடு ஜில்லுனு இருந்துச்சுன்னு போன்ல உங்ககிட்டயும் சொன்னேன். குடிகாரி பேச்சுதானேன்னு போனை வெச்சீங்க. இப்ப எழுதுங்க. டைப் வேண்டாம், உங்க கையால எழுதுங்க."

அவர் எழுதினார். அவள் வரிவரியாகப் படித்து, இரண்டு இடத்தில் திருத்தச் சொல்லி, பிறகுதான் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை 11.20. நீதிமன்றத் தாழ்வாரம். திங்கள் முதல் மகள் தாயுடன் இருக்கலாம் என்று உத்தரவு வந்திருந்தது. நாத்தனார் குழந்தையின் பையை ஓட்டுநர் கையில் திணித்தாள்.

"இன்னிக்கே கூட்டிட்டுப் போ அண்ணி. எங்கண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"உன்னைத்தான் முதல்ல சந்தேகப்பட்டேன்."

"பட்டிருப்ப. நானும்தான் நீ குடிச்சிருப்பேன்னு நினைச்சேன்," என்றுவிட்டு நாத்தனார் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நீதிபதி முன் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்த டைம்கீப்பர், ஏட்டம்மாவுக்குப் பின்னால் நின்றார். சட்டை கசங்கியிருந்தது. இரவெல்லாம் தூங்கவில்லை என்று கண் சொன்னது.

"எங்க குழுவுல பலகையிலருந்து என் பேரையே அழிச்சிட்டாங்க. இன்னிக்கு என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலை. சனிக்கிழமை உங்க இடத்துக்கு..."

"காலை ஒடிச்சிடுவேன்," என்றாள் ஓட்டுநர்.

அவர் தலை குனிந்தார். அவள் பல்லைக் கடித்தபடி பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கையில் கிடைத்த ரசீதின் பின்பக்கம் எழுதி நீட்டினாள்.

"ஆஸ்பத்திரிப் பின்கட்டு, ரெண்டாவது மாடி. செவ்வாயும் வெள்ளியும், சாயங்காலம் நாலு மணி. நாற்காலி ஆடும், ஆளுங்க நல்லவங்க. இன்னிக்கு வெள்ளி. போங்க. உங்களை மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சிடாதீங்க."

அவர் அந்தத் துண்டுத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

படியிறங்கும்போது மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "யாரும்மா அவரு? ஏன் அழறாரு?"

ஓட்டுநர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க டிப்போவில டைம்கீப்பரா இருந்தவரு," என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.