முதிப்பிற்குரிய ஐயா

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் அந்தக் கம்ப்யூட்டர் வம்பு செய்ய ஆரம்பித்தது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி சிந்துஜாவின் வீடு. திங்கட்கிழமையானால் மனு கொடுக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். அவர்களில் சிலருக்கு மனுவைத் தட்டச்சு செய்து கொடுப்பது சிந்துஜாவின் அம்மா கஸ்தூரிதான்.

கம்ப்யூட்டர் அம்மாவின் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. முதுகு பருத்த பெட்டித் திரை. ஆன் செய்தால் விழித்துக்கொள்ளவே எட்டு நிமிடம் ஆகும். ஆனாலும் அதன் பழைய தமிழ் விசைகள் அம்மாவின் விரல்களுக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கொண்டுகூட அடிப்பார்.

நேற்று வரை ஒரு குறையும் இல்லை. நேற்றுதான் பெரியம்மா மகன் ஆதவன் வந்தான். "சித்தி, இதைப் புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றான். எழுதும் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினான். சாயங்காலம் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டான்.

இன்று முதல் ஆளாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிவேல் வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மச்சான் நிரப்பிய விண்ணப்பத்தால், ரேஷன் கார்டில் அவர் பெயர் 'மாணிக்கவேல்' ஆகிவிட்டது. அதைத் திருத்தத்தான் மனு.

அம்மா மளமளவென்று அடித்தார். திரையைப் பார்த்த மணிவேல் திடுக்கிட்டார்.

'ஆனுப்புநர். முணிவேல். பேறுநர். முதிப்பிற்குரிய ஐயா...'

"இன்னாம்மா இது? யாரு இந்த முணிவேல்?"

"அய்யோ, மன்னிச்சுக்குங்கண்ணா. கை தவறிடுச்சு."

அம்மா அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் முணிவேல்! மூன்றாவது முறை ஒவ்வொரு விசையாகக் குத்தினார். முணிவேல் அசையவில்லை.

"பேரு தப்பாயிடுச்சுன்னு சொல்லத்தான் மனுவே. அதுலயும் தப்பா இருந்தா என்னை யாருன்னு நினைப்பாங்க?" என்றார் மணிவேல்.

வாசலில் இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். அம்மா ஆதவனுக்கு போன் செய்தார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சித்தி, சரியாயிடும்" என்று கொட்டாவி விட்டான் அவன்.

ஆஃப் செய்து ஆன் செய்தார்கள். எட்டு நிமிடம் எல்லாரும் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது விழித்துக்கொண்டது. அம்மா அடித்தார்.

'ஆனுப்புநர்.'

"இதைத் தூக்கிக் குப்பைல போட்டாத்தான் எனக்கு நிம்மதி!" அம்மா விசைப்பலகையைத் தள்ளினார். பிறகு தன் விரல்களையே பார்த்து, "பதினஞ்சு வருஷமா அடிக்கிறேன். என் கைக்கு என்னதான் ஆச்சு?" என்றார். குரல் உடைந்திருந்தது.

கையில் பாதி இட்லியோடு நின்ற சிந்துஜாவுக்கு அது பிடிக்கவில்லை. தலையில் ஒரு பக்கம்தான் பின்னல் போட்டிருந்தது. ஸ்கூல் வேன் எட்டு நாற்பதுக்கு வந்துவிடும். இருந்தாலும் அவள் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவி வந்தாள்.

"அம்மா, இன்னொரு வாட்டி அடி. ரொம்ப மெதுவா."

"மெதுவாவா? மணி என்னன்னு பாத்தியாடி?"

"ஒரே ஒரு வாட்டிம்மா."

அம்மா அலுத்துக்கொண்டே அடித்தார். சிந்துஜா கண் கொட்டாமல் பார்த்தாள். திரையில் முதலில் 'அ' என்றுதான் வந்தது. அடுத்தடுத்த எழுத்துகளும் சரி. சொல்லை முடித்து இடைவெளி விசையைத் தட்டியதுமே, 'அ' சட்டென்று 'ஆ'வாக மாறியது!

"நீ சரியாத்தான்மா அடிக்கிற! அதுதான் மாத்துது!"

அம்மா நிமிர்ந்தார். சிந்துஜா மனு முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தாள். வரியின் நடுவில் வந்த 'மணிவேல்' ஒழுங்காகத்தான் இருந்தது. ஒவ்வொரு வரியின் முதல் சொல்லில் மட்டும்தான் தப்பு.

"அம்மா, 'அ' விசையை ஷிஃப்டோட சேத்து அடிச்சா?"

"ஆ வரும்."

"'ம' விசையை?"

"மு வரும்."

சிந்துஜாவுக்குத் தன் ஆங்கில நோட்டு ஞாபகம் வந்தது. வாக்கியத்தைச் சின்ன எழுத்தில் ஆரம்பித்ததற்காக டீச்சர் அதில் ஏழு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

"இது நம்ம தமிழை இங்கிலீஷ்னு நினைச்சுக்குதும்மா! முதல் எழுத்தைப் பெரிய எழுத்தா மாத்திக்கிட்டே இருக்கு!"

"அட, மக்குப் பொட்டியே!" என்றார் மணிவேல்.

சிந்துஜா மெனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றைத் தட்டியதும் எழுத்தெல்லாம் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அம்மா அலறினார். அவசரமாகப் பழையபடி ஆக்கினாள். இன்னொன்றில் தானாகத் திருத்துவதற்கான பட்டியல் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பக்கத்துக் கட்டத்தில் டிக் போட்டிருந்தது. அதை எடுத்தாள்.

"இப்ப அடிம்மா."

'மதிப்பிற்குரிய ஐயா.'

அம்மா நம்பாமல் மறுபடி அடித்தார். மதிப்பு குறையவே இல்லை.

அதே பட்டியலில் இன்னொரு வசதியையும் சிந்துஜா பார்த்து வைத்திருந்தாள். "இங்க சொல்லிக் குடுத்தா, 'மாஆ'ன்னு அடிச்சதும் 'மாவட்ட ஆட்சியர் அவர்கள்'னு முழுசா அதுவே போட்டுடும். உனக்குக் கை வலிக்காதுல்ல?"

அச்சு இயந்திரம் கரகரவென்று மனுவைத் துப்புவதற்குள், அம்மா மகளுக்கு மறு பக்கப் பின்னலைப் போட்டு முடித்தார். வழக்கத்தைவிட மெதுவாகப் போட்டார்.

மணிவேல் தாளை வாங்கித் தன் பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "நான்தான்!" என்று சிரித்தார். வெளியே வேன் ஹாரன் அடித்தது. சிந்துஜா ஓடினாள்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது, பெட்டித் திரையின் மேல் விளிம்பில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது.

'அறிவிப்பு: இந்தக் கம்ப்யூட்டரில் எதையாவது மாற்ற விரும்புகிறவர்கள், செல்வி சிந்துஜா அவர்களிடம் முன் அனுமதி பெறவும்.'

சிந்துஜா அதை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தாள். ஒரு தப்புகூட இல்லை.